சாணைக்கல்லுக்கு ஒரு சூடம்

நான் வேலை செய்த மூலைக்கு ஒரே வழிதான். எஞ்சின் ஓடத் தொடங்கினால் அதுவும் கிடையாது.

முன்னால் சாணைக்கல். முதுகுக்குச் சுவர். வலக்கைப் பக்கம் இன்னொரு சுவர். இடக்கைப் பக்கம் எஞ்சினிலிருந்து சாணைக்கு வரும் பெல்ட். அதன் மேல்வார் இடுப்பு உயரத்திலும் கீழ்வார் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் ஓடும். எஞ்சின் நிற்கும்போது இரண்டுக்கும் நடுவில் காலை விட்டு, தலையைக் குனிந்து, உடம்பைச் சாய்த்து உள்ளே போய்விடலாம். ஓட ஆரம்பித்த பிறகு அந்த இடைவெளியில் யாரும் விரலைக்கூட நீட்ட மாட்டார்கள். காலையில் நுழைந்தால் மத்தியானக் கஞ்சிக்கு எஞ்சினை நிறுத்தும்போதுதான் வெளியே வருவேன்.

பட்டறை என் மாமனாருடையது. நாகர்கோவிலிலிருந்து தோவாளை போகும் சாலையோரம் இருந்தது. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர் கொச்சியோடுதான் இருந்தது. பழைய பஸ்களின் அடியில் இருக்கும் வில்பட்டைகளை வாங்கி, வெட்டி, காய்ச்சி, அடித்து, மண்வெட்டியும் வெட்டுகத்தியும் கலப்பைக் கொழுவும் செய்வோம். அடித்து முடித்த இரும்பெல்லாம் கடைசியில் என் மூலைக்கு வரும். அதைச் சாணை பிடித்து முனை ஏற்றித் தருவது என் வேலை.

அந்தக் கட்டடம் முதலில் கயிறு அடுக்கி வைக்கிற கிடங்காக இருந்ததாம். மாமனார் வாங்கியதும் எஞ்சினுக்கு நடுவில் காரை போட்டு இடம் பிடித்தார். உலைக்கு ஒரு பக்கம், சம்மட்டிக்கு ஒரு பக்கம். பிறகு வந்த சாணைக்கு மிச்சம் கிடந்தது அந்த மூலைதான். இது ஆபத்து, வெளியே வர வழியில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"நல்லதுதானே மருமகனே," என்றார். "உள்ள போன ஆளு வேல முடியாம வெளிய வரமாட்டான். பீடி குடிக்கப் போறேன், பஸ் பாக்கப் போறேன்னு எந்திரிச்சுப் போவமாட்டான்லா."

பஸ் என்று அவர் சொன்னது என்னைத்தான். நான் எங்கேயும் நிலைத்து நின்ற ஆள் இல்லை என்பது தெரிந்தேதான் அவர் பெண் கொடுத்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தூத்துக்குடியில் உப்பு சுமந்து, கொழும்புக்குப் போய்த் திரும்பி, கடியப்பட்டணத்தில் கொஞ்ச காலம் கருவாடு கட்டி, கடைசியில் கொச்சியில் கப்பல் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கேதான் சாணை பிடிக்கக் கற்றேன். இயந்திரம் தெரிந்த பையன் என்று யாரோ சொல்லி, மாமனார் தன் ஒரே மகளைக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு ஊரில் இரண்டு மழைக்காலம் பார்த்ததில்லை.

எஞ்சின்காரருக்கு எஞ்சின் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தம். நான் மூலையிலிருந்து கத்தினால் கேட்காது. அவசரமென்றால் அவர்மேல் எறிவதற்காகக் காலடியில் தேங்காய்ச் சிரட்டைகளைக் குவித்து வைத்திருந்தேன். ஒருமுறை குறி தவறி அவருடைய கஞ்சிச் சட்டியில் விழுந்தது.

"வே மாப்பிளே, தொவையல் இல்லேன்னு நான் ஒம்மகிட்ட சொன்னனா?" என்று கேட்டுக்கொண்டு எஞ்சினை நிறுத்தினார்.

அன்று என் கண்ணில் இரும்புத் துகள் ஏறியிருந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வேறு வேலைக்கு மாற முடியாதா என்றார். கட்டுப் போட்ட கண்ணோடு பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வியை வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பெண்டாட்டி, வீடு, சாப்பாடு, வேலை, எல்லாமே அந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தன. வேலையை மட்டும் தனியாக உருவி எடுக்க வழி தெரியவில்லை.

கொச்சியில் இருந்தவரை சாணையைப் பற்றிப் பயந்ததில்லை. அங்கே பயம் சட்டமாகவே இருந்தது. புதுக்கல் வந்தால் அச்சில் மாட்டுவதற்கு முன் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் மணிபோலக் கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் பழைய பானையைத் தட்டியதுபோலச் செத்த சத்தம் வரும். மாட்டிய பிறகு யாரும் எதிரில் நிற்காமல் கொஞ்ச நேரம் வெறுமே ஓடவிடுவார்கள். வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் போக விடமாட்டார்கள். சாணை பிடிக்கும்போதும் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஒரு நாள் இதையெல்லாம் செய்யாமல் ஓட்டிய கல் ஒன்று உடைந்து தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஓட்டையில் வானம் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கீழே நின்றிருந்த ஆளை அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

மாமனாரின் மூலையில் ஒருபக்கம் ஒதுங்கி நிற்க இடமே இல்லை. கொச்சியிலிருந்து நான் கொண்டுவந்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அதற்கே எல்லாரும் சிரித்தார்கள். கல்லோடு வந்த இரும்பு மூடியை, நீளமான கொழு பிடிக்கத் தோதில்லை என்று மாமனார் முதல் வாரமே கழற்றிவிட்டார். அது எங்கள் வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சுகளை மூடிவைக்கப் பயன்பட்டது.

அந்தச் சாணைக்கல்லும் நானும் பட்டறைக்கு வந்த பிறகு முதல் ஆயுத பூசை வந்தது. என் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு நேர்ச்சை, ஒரு வேண்டுதல்.

பட்டறையைக் கழுவி, உலைக்கும் சம்மட்டிக்கும் எஞ்சினுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தோவாளைச் சந்தையிலிருந்து வாங்கிவந்த அரளி மாலையைப் போட்டார்கள். சாணைக்கல்லின் இரண்டு பக்கமும் என் பெண்டாட்டியே சந்தனம் பூசினாள். அரிவாள், கத்தி, உளி எல்லாம் அதன் அடியில் அடுக்கப்பட்டன. கடைசியில் தேங்காய்.

மாமனாரின் குடும்பத்தில் சாணைக்கல்லில்தான் தேங்காய் உடைக்கும் வழக்கம். முன்பு அவர்களிடம் இருந்தது கையால் சுற்றுகிற மணற்கல் சாணை. தண்ணீர்த் தொட்டியில் பாதி முங்கிக் கிடக்கும் கனத்த கல். அதன் விளிம்பில் அவருடைய அப்பாவும் உடைத்திருக்கிறார், அவரும் உடைத்திருக்கிறார். அந்தக் கல் தேய்ந்துபோனதும் கொல்லையில் துணி துவைக்கப் போட்டுவிட்டு, அதன் இடத்துக்கு இதை வாங்கினார். அவருக்கு இதுவும் கல்தான். வார்த்துச் சுட்ட கல் என்றும், பீங்கான்போல உள்ளுக்குள் உடையும் என்றும் அவருக்கு யாரும் சொன்னதில்லை. தேங்காயைக் கல்லில் உடைக்கப் போகிறார் என்பது எனக்கும் அவர் கையை ஓங்கிய பிறகுதான் புரிந்தது.

"மகளுக்க பிரசவம் நல்லபடி ஆகணும்," என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓங்கி அடித்தார்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. ஒரு சிதறல் இல்லை. மாமனார் இரண்டு மூடியையும் இரண்டு கையில் ஏந்தி மகளிடம் காட்டினார். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எஞ்சின்காரர் எட்டிப் பார்த்து, "நூல் புடிச்சு அறுத்த மாதிரில்லா இருக்கு" என்றார்.

எனக்கு வேறொன்று கேட்டிருந்தது. தேங்காய் உடைந்த சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். சின்னதாக, வறண்டு. கேட்டேனா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று அன்றும் தெரியாது, இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தேங்காய்த் தண்ணீர் கல்லுக்குள் ஊறி மறைந்துகொண்டிருந்தது. சந்தனம் காய்ந்து கல் முழுவதும் கோடு கோடாக வெடித்திருந்தது. அதில் எது சந்தனத்தின் விரிசல், எது கல்லின் விரிசல் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். ஆனால் பூசை வைத்த ஆயுதத்தை விஜயதசமியன்று எடுக்கும்வரை தொடக்கூடாது. எடுத்ததும் முதல் காரியமாக அதில் வேலை தொடங்க வேண்டும். முதல் கத்தியைப் பிடிக்கப் போகிறவன் நான். எடுப்புக்கும் வேலைக்கும் நடுவில் கல்லைக் கழற்ற இடமே இல்லை.

சோறு போட வந்த பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"தேங்காதான் கல்ல ஒடச்சுதுன்னு அப்பாட்ட சொல்லப் போறியளா?"

"சொல்லாம எப்படி?"

"அது எனக்க பேருல ஒடச்ச தேங்காயாக்கும். சரியா ஒடஞ்சிருக்குன்னு மூணு வீட்டுல போயி சொல்லியாச்சு. இப்பம் அதே தேங்கா கல்ல கெடுத்துட்டுன்னு சொன்னா அப்பாக்கு என்ன தோணும்? எனக்கு என்ன தோணும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "போன தடவ என்னெல்லாம் சொன்னாவன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. சொல்லாதுங்க."

"அப்பம் நான் போயி நிக்கவா?"

அவள் குழம்பை ஊற்றினாள். ஊற்றியது சோற்றின்மேல் பாதி, இலைக்கு வெளியே பாதி.

அன்று சாயங்காலம் சாலைக்கு வந்து நின்றேன். பூக்கூடைகளை மேலே கட்டிக்கொண்டு ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுதீரா?" என்றார். ஏறலாம். கொச்சிக்குப் போக எனக்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நான் போய்விட்டால் அந்த மூலையில் யார் நிற்பார்கள் என்பதும் தெரிந்துதான் இருந்தது. கன்னிப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். ஆட்கள் கருவிகளுக்குக் காத்திருந்தார்கள். மாமனார் ஒரு நாள்கூடச் சாணையை நிறுத்தமாட்டார். துவர்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியோடு, அவரே போய் நிற்பார். பஸ் போனது. அதன் பின்னால் கொஞ்ச நேரம் பூவாசம் இருந்தது. பிறகு டீசல் வாசம்.

விஜயதசமி காலையில் பூசை எடுத்தார்கள். மாமனார் புது வெட்டுகத்தி ஒன்றைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். எஞ்சின்காரர் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் கத்தியை வாங்கிக்கொண்டு பெல்ட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"என்ன மாப்பிளே, களசத்துக்கும் சந்தனம் பூசணுமா?" என்றார் எஞ்சின்காரர், என் கால்சட்டையைக் காட்டி.

யாரோ சிரித்தார்கள். நான் நகரவில்லை. கால் நகரவில்லை என்பதுதான் சரி.

"நல்ல நேரம் போவுது மருமகனே," என்றார் மாமனார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"எதுக்கு?"

காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். தேங்காய் மூடிகள் இரண்டும் தட்டில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் என் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

மாமனாருக்கு முகம் மாறிவிட்டது. நாலு பேர் முன்னால் மருமகன் வேலைக்குச் சுணங்குகிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "மாறி நில்லும்," என்றார். "நானே நிக்கேன். எனக்க மகளுக்க காரியத்துக்கு நான் நிக்கப்பிடாதா?" கத்தியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வார்களுக்கு நடுவில் காலை விட்டுக் குனிந்து உள்ளே போய்விட்டார். துவர்த்தின் நுனி கல்மேல் உரசிக்கொண்டு தொங்கியது. "எடும் வே," என்று எஞ்சினை ஓட்டச் சொல்லி எஞ்சின்காரருக்குக் கைகாட்டினார்.

நான் எஞ்சின் கைப்பிடியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"மாமா, மொத ஓட்டம் சாமிக்குல்லா. அது ஓடும்போ மனுசன் எதிர நிக்கப்பிடாது."

"அது எங்க உள்ள வழக்கம்?"

"கொச்சியில. பூசை எடுத்தா கல்ல வெறும சுத்தவிட்டு எல்லாரும் மாறி நிப்பாவ. அதுக்குப் பொறவுதான் வேல."

கொச்சியில் அதை யாரும் சாமிக்கென்று செய்ததில்லை. ஆனால் செய்தார்கள். மாறி நின்றார்கள். பொய்யில் பாதி மெய் இருந்ததால் என் குரல் ஆடவில்லை.

மாமனார் என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார். தெய்வத்துக்கு எதிரே நிற்பது என்ற சொல் அவரைத் தொட்டிருந்தது. "எவ்வளவு நேரம் மாறி நிப்பாவ?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. தட்டில் சூடம் இருந்தது. "ஒரு சூடம் எரிஞ்சு தீர்ற வரைக்கும்," என்றேன்.

அவர் வெளியே வந்தார். எஞ்சின் நின்றிருந்தும் சிரமப்பட்டுத்தான் வந்தார்; துவர்த்து வாரில் சிக்கி, அவிழ்த்து, காலைத் தூக்கி. ஓடுகிற பெல்ட்டில் அப்படிச் சிக்கினால் என்ன ஆகும் என்று அவரே ஒரு நொடி நின்று துவர்த்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். கல்லுக்கு நேரே யாரும் நிற்காதபடி எல்லாரையும் எஞ்சினுக்குப் பின்னால் வரச்சொன்னேன். சாமிக்கு வழிவிடுவது என்று நினைத்து வந்தார்கள்.

சூடத்தைத் தரையில் வைத்துக் கொளுத்தினேன். எஞ்சின்காரர் சுற்றினார். எஞ்சின் இருமி, பிடித்து, பெல்ட் இழுத்துக்கொண்டது. கல் மெதுவாகத் திரும்பி, பிறகு வேகமெடுத்தது. அரளி மாலை அறுந்து பறந்தது. குங்குமப்பொட்டு முதலில் ஒரு சிவப்பு வளையமாகி, பிறகு தெரியாமல் போனது. காய்ந்த சந்தனம் தூளாகச் சுவரில் அடித்தது.

ஒன்றும் ஆகவில்லை. கல் தன் பாட்டுக்குச் சுழன்றது. சூடம் குறைந்துகொண்டே வந்தது. தீ சாய்ந்தது. நீல நிறமானது. அணைந்துவிட்டது. தரையில் கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. கல் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

"தீந்தாச்சு," என்றார் மாமனார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எஞ்சின் நின்றதும் உள்ளே போக வேண்டும், கத்தியைக் கல்லில் வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அப்போது என் பெண்டாட்டி தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குனிவது அவளுக்குக் கஷ்டம். ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அந்தக் கறுப்பு வட்டத்தின்மேல் இன்னொரு சூடத்தை வைத்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு?"

"அது எனக்கு, அப்பா. இது பிள்ளைக்கு."

மாமனார் தூக்கிய கையை இறக்கிக் கும்பிட்டார். அவள் கொளுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் சட்டையின் நுனியைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

இரண்டாவது சூடம் பாதி எரிந்தபோது கல் உடைந்தது.

சத்தம் ஒன்றுதான் கேட்டது, ஆனால் பல இடத்திலிருந்து கேட்டது. கூரையில் ஓடுகள் நொறுங்கி விழுந்தன. பெல்ட் கழன்று ஒருமுறை தரையில் அறைந்து கிடந்தது. மூலை முழுவதும் மண்தூசி எழுந்து நின்றது. எஞ்சின்காரர் தானாகவே எஞ்சினை நிறுத்திவிட்டார். அன்று மட்டும் சிரட்டை எறிய வேண்டியிருக்கவில்லை.

தூசி அடங்கியதும் பார்த்தோம். அச்சில் ஒரு சிறு துண்டுகூட இல்லை. பின்சுவர் மண்கட்டையால் கட்டியது. அதில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகச் சாலை தெரிந்தது. மாமனார் இப்போது தாராளமாகக் கிடந்த வழியில் மெல்ல உள்ளே போனார். நான் நிற்கிற இடத்தில் சுவரோடு முதுகை வைத்து நின்று பார்த்தார். ஓட்டை அவருடைய கழுத்துக்கு நேராக இருந்தது. கையைத் தூக்கி அதைத் தடவினார். அவர் என்னைவிடக் குட்டை. எனக்கு அது நெஞ்சு.

எல்லாருடைய கண்ணும் அந்தத் தேங்காய் மூடிகளில்தான் இருந்தது. அவர் இனி என்ன சொல்வாரோ அதுதான் என் பெண்டாட்டியின் மீதிமாதங்களை முடிவு செய்யும். கல்லைப் பார்த்துப் பயந்ததைவிட நான் அப்போது அதிகம் பயந்தேன். கல்லை விற்ற கொச்சி வியாபாரி கெட்டதை அனுப்பிவிட்டான் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

மாமனார் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். துவர்த்தால் முகத்தைத் துடைத்தார்.

"மக்களே," என்று மகளைக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு வரவேண்டியது கல்லோட போச்சு. கேட்டியா? கல்லோட போச்சு."

என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எஞ்சின்காரர் விழுந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே, "கல்லோட மட்டும் போவலே, கூரையோடயும்லா போச்சு," என்றார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாப்பிடும்போது மாமனார் நிதானமாகச் சொன்னார்: "இனி வருசா வருசம் கல்லுலதான் ஒடைக்கணும். எவ்வளவு பெரிய கண்ணேற எடுத்துட்டுப் போயிருக்கு பாத்தேரா."

தேங்காய் கல்லை உடைத்தது என்று நான் சொல்லியிருந்தால் அவர் கலங்கியிருப்பார். சொல்லாததால் அவருக்கு நம்பிக்கை கூடிவிட்டது. புதுக்கல் வரும், அடுத்த பூசை வரும், அவர் ஓங்கி அடிப்பார், நான் அந்த மூலைக்குள் போவேன்.

அதைத் தீர்த்தது நானில்லை. மோர் ஊற்ற வந்தவள் அப்பாவிடம் கேட்டாள்: "தாத்தா ஒடச்சது இந்தக் கல்லுலயா அப்பா?"

"அது பழைய கல்லுல்லா."

"அது கொல்லையில அனாதையாக் கெடக்கு. அத விட்டுட்டு புதுசா வந்த கல்லுல ஒடச்சதுக்குத்தான் அது கோவிச்சுக்கிட்டோ என்னமோ."

"நீ துணி அடிக்கிய கல்லாக்கும் அது. அழுக்குக் கல்லு."

"அழுக்க எடுக்கிய கல்லு, அப்பா."

மாமனார் மோரைக் குடித்து முடிக்கிறவரை யோசித்தார். மறுநாள் நாலு பேரைக் கூட்டி அந்த மணற்கல்லைப் புரட்டிக் கழுவி, பட்டறை வாசலில் நட்டார். தேங்காய் இனி அதற்குத்தான் என்று ஆயிற்று. எத்தனை அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பிறகு புதுக்கல் வந்தது. அச்சில் மாட்டுமுன் கூரைக் கம்பில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன். நீளமாக ஒலித்தது. மாமனார் அந்தச் சத்தத்துக்கும் கும்பிட்டார். "இன்னொருக்கா தட்டும்," என்றார். தட்டினேன். முற்றத்திலிருந்து இரும்பு மூடியைத் திரும்ப எடுத்துவந்து மாட்டினேன். கோழிக்குஞ்சுகளை இனி எதில் அடைப்பது என்று பெண்டாட்டி ஒரு வாரம் முனகினாள். நீளக் கொழு பிடிக்கும்போது மூடியைக் கழற்றலாமே என்று மாமனார் கேட்டார். அதில் மட்டும் நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அவரும் ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பெல்ட்டை மட்டும் மாற்ற முடியவில்லை. எஞ்சினைக் காரை போட்டுப் பிடித்திருந்தது. அதை நகர்த்துவது கட்டடத்தையே நகர்த்துவது போல.

ஓட்டையை அடைக்கக் கொத்தனார் வந்தபோது, காற்று வரட்டும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதில் ஊதிக்கொண்டு வரும். மழையும் வரும். என் பெண்டாட்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் எஞ்சின் நின்ற பிறகு வெளியே வராமல், ஒரு பழைய உளியை வைத்து அந்த ஓட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திவந்தேன். மண்ணைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் மாமனார் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறையைச் சுற்றிக் காட்ட வந்தவர், பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஓட்டையைப் பார்த்தார்.

"மருமகனே, இது என்னத்துக்கு இவ்வளவு பெரிசு?"

"காத்துக்கு மாமா."

"காத்து இவ்வளவு தடியாவா வரும்?"

அவர் குழந்தையின் தலையை ஓட்டைப் பக்கமாகத் திருப்பி, சாலையில் போன பஸ்ஸைக் காட்டினார்.

அவர் போன பிறகு ஒரு தோளைச் சரித்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். சுவர் சட்டையை உரசியது. மூச்சை வெளியே விட்டதும் மற்றத் தோளும் வந்தது. இடுப்புவரை சாலையில் இருந்தேன். திரும்ப உள்ளே வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, எஞ்சின்காரரை நோக்கி ஒரு சிரட்டையை எறிந்தேன்.

"என்ன வே?"

"எடும்," என்றேன். பெல்ட் ஓடத் தொடங்கியது.